ஐந்து தலங்களையும் சுற்றி வருவதா, ஓரிடத்தில் அமர்ந்திருப்பதா?

வைகைக்கரை கேட்டிருப்பது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன், வயது 53. ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்த என் தாயாரை உடனிருந்து பார்த்துக்கொண்டேன். சென்ற ஆண்டு தை மாதம் அவர் காலமானார், தலைத்திவசமும் முடிந்துவிட்டது. வரும் மே மாத விடுமுறையில் பன்னிரண்டு நாள்கள் எனக்கே எனக்கென்று கிடைக்கின்றன. நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை.

உறவினர்கள் பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் நான்கு நாள்களில் காட்டும் பேருந்துச் சுற்றுலாவில் சேரச் சொல்கிறார்கள். காஞ்சி, திருவானைக்காவல், திருவண்ணாமலை, காளத்தி, தில்லை ஆகிய ஐந்தையும் தரிசிக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை அண்ணியின் பொறுப்பில் விட்டுவிட்டு இதுபோன்ற ஒரு சுற்றுலாவுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள்களில் பதினொரு கோயில்கள். ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம். வீடு திரும்பியபோது வரிசையில் நின்றதும், செருப்பு வைத்த இடத்தைத் தேடி ஓடியதும் நினைவில் இருந்தனவே தவிர, எந்தச் சந்நிதியின் முகமும் நினைவில் இல்லை.

ஆகவே இம்முறை ஒரே ஊரில் தங்கி, தியானம் பழகலாமா என்று யோசிக்கிறேன். இதுவரை முறையாகத் தியானம் செய்ததில்லை. வீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தால், இரவில் அம்மா என்னைக் கூப்பிடும் குரல்தான் கேட்கிறது, உடனே எழுந்துவிடுகிறேன். இந்த நிலையில் இருப்பவர் பயணம் போவதால் உள்ளத்தில் ஏதேனும் மாறுமா, அல்லது போகும் இடத்துக்கெல்லாம் அதே குரல் கூடவே வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைவலம் எழுதிய பதில்:

அம்மா, வணக்கம். முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கே பதில் சொல்கிறேன். அந்தக் குரல் கூடவே வரும். ஆனால் அது கேட்கும்போது எழுந்து ஓட வேண்டிய தேவை இல்லாத ஓர் இடத்தில் சில நாள்கள் இருக்க முடிந்தால், அதுவே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகளாக ஆண்டுக்கு ஒருமுறையாவது திருவண்ணாமலைக்குப் போய் வருபவன் என்பதால் அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

பயணத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ரமணர் செய்த ஒரே ஒரு பயணம் என் நினைவுக்கு வரும். 1896 ஆகஸ்டு மாத இறுதியில், உங்கள் மதுரையிலிருந்துதான், பதினாறு வயதுச் சிறுவனாக அவர் கிளம்பினார். அண்ணன் கல்லூரிக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போனார். அந்தக் கடிதம் ‘நான்’ என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே தம்மை ‘இது’ என்று குறிப்பிட்டு, கையெழுத்து இல்லாமலே முடிகிறது. விழுப்புரம் வரை ரயிலில் வந்து, கையில் இருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை மறுபடி ரயிலேறி, அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, செப்டம்பர் 1 காலை அண்ணாமலையாரின் முன் போய் நின்றார். அதன் பிறகு 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விடும் வரை, ஏறத்தாழ 54 ஆண்டுகள், அந்த மலையடிவாரத்தை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. சில நாள் பயணம். மீதி வாழ்நாள் முழுவதும் இருப்பு. இந்த விகிதத்தை நம்மால் எட்ட முடியாது. ஆனாலும் பன்னிரண்டு நாளில் எத்தனை நாள் பேருந்தில் கழிய வேண்டும் என்று முடிவு செய்யும்போது இது எனக்கு உதவியிருக்கிறது.

உங்கள் கேள்வியில் தாயாரைப் பற்றி எழுதியிருப்பதால் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வீட்டைத் துறந்து போன அந்த மகனைத் தேடித் தாயார் அழகம்மாள் 1898இல், அவர் அப்போது தங்கியிருந்த பவழக்குன்றுக்கு வந்து, அழுது அழைத்தும் அவர் திரும்பவில்லை; மௌனத்தில் இருந்தவர், நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்னும் பொருளில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததோடு சரி. ஆனால் 1916இல் அம்மா மகனிடமே வந்து தங்கிவிட்டார். மலைமேல் அவர்கள் தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்தில் மகனுக்கும் அன்பர்களுக்கும் சமைத்துப் போட்டார். 1922 மே 19 அன்று அவர் இறக்கும் தறுவாயில், ரமணர் ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொன்றைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்காக அருகிலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். மலைமேலிருந்து அங்கே இறங்கி வந்து போய்க்கொண்டிருந்தவர், அதே ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் வந்து அப்படியே தங்கிவிட்டார். இன்று நாம் பார்க்கும் ரமணாசிரமம் அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் வளர்ந்தது. சமாதியின் மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949இல் குடமுழுக்கு நடந்தது. தாயை இழந்து அந்த ஊருக்குப் போகும் மகளுக்கு அங்கே உட்கார ஓர் இடம் இருக்கிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நடைமுறைச் செய்திகள் சில. ஆசிரமத்தில் தங்குவதற்குக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே எழுதி அனுமதி பெற வேண்டும், முதல் முறை வருவோருக்குச் சில நாள்களே கிடைக்கும். செங்கம் சாலையைச் சுற்றி வெளியில் தங்கும் விடுதிகள் நிறைய உண்டு. ரமணர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அமர்ந்திருந்த பழைய ஹாலில் யாரும் எதையும் கற்றுத் தருவதில்லை; பேசாமல் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். தியானம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எண்ணம் எழும்போது அதை விரட்டாமல், ‘இது யாருக்கு எழுகிறது’ என்று திரும்பிக் கேட்பதுதான் அவர் காட்டிய வழி. அம்மாவின் குரல் கேட்கும்போதும் இதைச் செய்து பார்க்கலாம். மாலையில் தமிழ்ப் பாராயணம் நடக்கும். உட்கார முடியாத மனத்துக்கு அது நல்ல துணை.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானவர்கள் நடப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் நீங்கள் தேடுவது அதுவன்று. சாதாரண நாளில், அதுவும் மே மாதம் அக்னி நட்சத்திர வெயில் என்பதால், விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடுங்கள். நிறைமாதக் கர்ப்பிணியான ஓர் அரசி நடப்பதுபோல அவ்வளவு மெதுவாக நடக்க வேண்டும் என்று ரமணர் சொல்வதுண்டு. அப்படி நடந்தால் அடி அண்ணாமலையைக் கடக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். அந்த நேரத்தில் மலையைப் பார்ப்பதற்காகவே நான் ஆண்டுதோறும் போகிறேன்.

செட்டிநாட்டுக் காவடி எழுதிய பதில்:

மலைவலம் அவர்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் உட்கார்ந்திருப்பதைத் தியானம் என்றும் நகர்வதை அலைச்சல் என்றும் பிரித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சகோதரி சொன்ன பேருந்துச் சுற்றுலாவில் குறை நகர்ந்ததில் இல்லை. அவர் நகரவே இல்லை, வண்டிதான் நகர்ந்தது.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். தைப்பூசத்துக்காகப் பழநிக்கு மூன்று முறை நடந்து போயிருக்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக நடக்கும் இந்த வழக்கத்தை நகரத்தார் பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். காவடி எடுத்தவர்கள் திரும்பும்போதும் நடந்தே வருவார்கள். முதல் நாள் எல்லோரும் வீட்டுக் கதை பேசிக்கொண்டு நடப்போம். இரண்டாம் நாள் காலில் கொப்புளம் கிளம்பும். பேச்சு முழுவதும் காலைப் பற்றியே இருக்கும். மூன்றாம் நாள் பேச்சு தானாகவே நின்றுவிடும். பின்னிரவில், முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு, யாரோ எங்கோ ‘அரோகரா’ என்றதற்கு வாய் தன்னிச்சையாகப் பதில் கொடுக்க நடந்துகொண்டிருந்த அந்த நேரங்களைப் போல என் மனம் வேறு எப்போதும் அடங்கியதில்லை. என் தந்தை இறந்த அடுத்த ஆண்டு நடந்தபோது, நத்தத்தைத் தாண்டிய ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, அவர் இறந்தபோது வராத அழுகையை அழுது தீர்த்தேன். தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஓர் அம்மையார் எதுவும் கேட்காமல் மோர் கொடுத்தார்.

மே மாதத்தில் பாதயாத்திரை போகச் சொல்ல மாட்டேன். ஆறு ஆண்டுகள் ஒரு நோயாளியைத் தூக்கி இறக்கிய முதுகும் முழங்காலும் எப்படி இருக்கின்றன என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் திருவண்ணாமலைக்குப் போனால் கிரிவலத்தை ஒரு நாளோடு நிறுத்திவிடாதீர்கள். உடம்பு இடம் கொடுத்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்து பாருங்கள். முதல் முறை பாதையைத்தான் பார்ப்போம்.

மௌன விரதம் எழுதிய பதில்:

ஓரிடத்தில் தங்கித் தியானம் பழகுவது என்றதும் பலரும் உங்களுக்கு விபாசனா என்னும் தியான முறையின் பத்து நாள் முகாமைச் சொல்லக்கூடும் என்பதால், அதில் இரண்டு முறை கலந்துகொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். பர்மாவில் ஊ பா கின் அவர்களிடம் கற்ற கோயங்கா 1969இல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த முறை இது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் ஒரு மையம் உண்டு. கட்டணம் இல்லை, முகாமை முடித்தவர்கள் தரும் நன்கொடையில்தான் நடக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வரை அமர வேண்டும். பேச்சு, தொலைபேசி, புத்தகம், ஜபம், பூஜை எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள்களும் மூச்சு நாசியில் வந்து போவதைக் கவனிப்பது மட்டுமே. நான்காம் நாளில்தான் உடலின் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பயிற்சி தொடங்கும்.

எனக்கு இதனால் விளைந்த நன்மை மிகப் பெரியது. ஆயினும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இதை இப்போதே செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அங்கே அமரும்போது புதைந்து கிடந்தவையெல்லாம் மேலே வரும். ஆறுதலுக்கு ஒருவரிடம் மனம்விட்டுப் பேசவும் முடியாது, இடையில் எழுந்து போகவும் கூடாது. என் முதல் முகாமில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, கணவரை இழந்து சில மாதங்களே ஆனவர், ஐந்தாம் நாள் இரவு முழுவதும் தூங்காமல் தவித்தார். நல்லவேளையாக அவர் ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். தொடர்ந்து அமராமல் வீடு திரும்பினார். விண்ணப்பப் படிவத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்பதை எழுத வெட்கப்படாதீர்கள். நீங்கள் தாங்குவீர்களா என்பதை அவர்கள் எடை போடுவது அதை வைத்துத்தான்.

இரவில் அம்மாவின் குரல் கேட்டு விழித்தால் மறுபடி தூங்க முடிகிறதா? முடியவில்லை என்றால், எந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஆறு ஆண்டுகள் அரைத்தூக்கம் தூங்கிய உடம்பு, இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கலாம்.

வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. ‘இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கலாம்’ என்ற வரியைப் படித்ததும் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தூக்கம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடுகிறது. ஆனாலும் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறேன். சுற்றுலாவுக்கு வரவில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். திருவண்ணாமலையில் ஏழு நாள்கள். திரும்பும் வழியில் தில்லையில் இரண்டு நாள்கள். மற்ற மூன்று தலங்களும் எங்கும் போய்விடாது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அழகம்மாள் உயிர் நீத்த இடம் மலைமேல் ஸ்கந்தாசிரமம்தானே? அங்கே பொதுமக்கள் போய் உட்காரலாமா? என் முழங்கால் படி ஏறினால் வலிக்கும்.

மலைவலம் எழுதிய பதில்:

ஆம் அம்மா, அங்கேதான். பகலில் யார் வேண்டுமானாலும் போகலாம், அந்த அறையில் அமரவும் செய்யலாம். ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து கல் பாவிய பாதை மேலே போகிறது. மெதுவாக ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். நடுவில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் பெரிய கோயிலின் கோபுரங்கள் அனைத்தும் கீழே தெரியும். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள், ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டம் எதுவும் கையில் தெரிய வேண்டாம். தண்ணீர் மட்டும் பைக்குள் இருக்கட்டும். அங்கிருந்து கீழே, ரமணர் அதற்கு முன் தங்கியிருந்த விரூபாட்ச குகைக்கு இறங்கும் வழி செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்தப் பக்கம் இறங்காமல், வந்த வழியே திரும்புவது நல்லது.