கல்யாணப் படத் தளத்துக்கு வருகிற ஆட்கள் நிற்காமல் போகிறார்கள். எதை முதலில் மாற்றுவது?

உப்புவெளி_லென்ஸ்
வணக்கம். திருகோணமலையில் கல்யாண வீடு, சாமத்திய வீடு (பூப்புனித நீராட்டு விழா), வெளிப்புறப் படப்பிடிப்பு செய்கிறேன். தளம் வேர்ட்பிரஸில் இருக்கிறது. முகப்பில் ஐந்து படம் மாறி மாறி ஓடும் ஸ்லைடர், பின்னணியில் நாதஸ்வரம், கீழே 160 படங்கள். விலை எங்கேயும் போடவில்லை. பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்க்கிறார்கள், அதில் கனடா, லண்டன் ஆட்களும் நிறைய. பேஸ்புக் லிங்கை அமுக்கி வருகிறார்கள், அரை நிமிடம்கூட நிற்பதில்லை. எங்கே தொடங்கலாம்?

கோட்டைவாசல்
தம்பி, முதலில் படத்தின் பாரத்தைக் குறையுங்கள். 24 மெகாபிக்சல் கமராப் படம் 6000க்கு 4000 பிக்சல், ஒன்றே 8 எம்பி தாண்டும். வேர்ட்பிரஸ் அதை 2560 பிக்சலுக்குச் சுருக்கி வைத்தாலும், சில ஸ்லைடர் பிளகின்கள் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) நீங்கள் ஏற்றிய மூலப்படத்தையே இழுத்துக் காட்டும். ஆகவே படம் திருத்தும் லைட்ரூமிலிருந்து எடுக்கும்போதே நீளப்பக்கம் 2000 பிக்சல், தரம் 75, நிறவெளி எஸ்ஆர்ஜிபி (இணையத்தில் பொதுவாகப் பயன்படுவது) என்று வைத்து எடுங்கள். ஒரு படம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும். வெப்பி (WebP) என்ற கோப்பு வகையாக்கினால் இன்னும் குறையும்.

நிறவெளியை மட்டும் அசட்டை செய்யவேண்டாம். அடோப் ஆர்ஜிபி என்ற வேறு நிறவெளியில் ஏற்றிய படத்தை ஒரு சுருக்கும் பிளகின் கையாளும்போது, எந்த நிறவெளி என்று சொல்லும் நிறக்குறிப்பு கழன்றுவிட்டால், கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு போனில் வெளுத்த செங்கல் நிறமாகத் தெரியும். பொம்பிளையின் தாய்க்கு முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வையுங்கள். ஐந்தில் நான்கைப் பார்க்க யாரும் காத்திருப்பதில்லை, ஆனால் ஐந்தும் இறங்கத்தான் செய்யும். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் (அந்த இடத்துக்கு உருட்டி வரும்போதுதான் படத்தை இறக்குவது) நல்லது. முதல் படத்துக்கு அதைப் போட்டால் நேர் எதிர்: பிரௌசர் அதைப் பிந்தித்தான் எடுக்கும், திரை வெறுமையாய் நிற்கும். வேகம் அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பக்கத்தைப் பாருங்கள். முதல் திரையில் தெரியும் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் பக்கத்தின் நிரலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் படம் இறங்க இறங்கப் பக்கம் குதிக்கும், அமுக்கப் போன பொத்தான் விலகிவிடும்.

நாதஸ்வரத்தை இன்றைக்கே கழற்றுங்கள். தானாக ஒலிப்பதைப் பிரௌசர்கள் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன. கேட்காத இசைக்கு டேட்டா மட்டும் போகிறது.

கன்னியா_வெளிச்சம்
வேகம் சரி. ஆனால் 160 படம் அப்படியே இருந்தால் வேகமாக வந்து வேகமாகப் போவார்கள். முகப்பில் 20, 25 போதும். மற்றதற்குப் பதிலாக, ஒரே ஒரு கல்யாணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு தனிப் பக்கமாகப் போடுங்கள்: பொன்னுருக்கல், கன்னிக்கால், மாப்பிள்ளை அழைப்பு, தாலி, அறுகரிசி, கால்மாறிப் போதல் வரை 40, 50 படம்.

கல்யாணம் பேசும் குடும்பத்துக்கு அழகான படம் ஒன்று எடுக்கத் தெரியுமா என்பதல்ல சந்தேகம். ஓமப் புகை, மண்டபத்துப் பச்சை ரியூப் வெளிச்சம், தாலி கட்டும் நேரம் குனிந்து மறைக்கும் ஆட்கள், இவ்வளவுக்கும் நடுவில் முடிச்சுப் போடும் விரல் தெளிவாக வருமா என்பதுதான். அதைக் காட்டும் படத்தை ஒளிக்காமல் போடுங்கள்.

சாமத்திய வீட்டுக்கு வேறு பக்கம் வேண்டும். மகளுக்காகத் தேடும் தாய் கல்யாணப் படங்களுக்குள் துழாவ மாட்டார். அந்தப் பக்கத்தில் பெற்றோரின் எழுத்து அனுமதி இல்லாமல் பிள்ளையின் முகம் வரவே கூடாது. ஆரத்தித் தட்டு, சடைநாகம், மருதாணிக் கை போதும். இதை நீங்கள் கவனிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினாலே அந்தத் தாய் நின்று வாசிப்பார்.

இன்னொன்று, எங்கே எத்தனை மணிக்கு எடுக்கலாம் என்று ஒரு பக்கம். நம்முடையது கிழக்குக் கரை. கோணேசர் மலையிலும் நிலாவெளியிலும் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பும், ஆறு மணியை ஒட்டி ஆயத்தமாக நிற்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நிலாவெளியில் கடலில் சூரியன் மறைகிற படம் கேட்பார்கள். அங்கே அது பின்னால் தரைப்பக்கம் இறங்கும். மாலை நிறம் தண்ணீரில் வேண்டுமென்றால் உள்துறைமுகப் பக்கம். புறாத்தீவு தேசியப் பூங்கா என்பதால் ரிக்கற்றும் படகும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் எங்கே மாற்றுவது என்பதையும் எழுதுங்கள். இப்படியான பக்கத்தைத்தான் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பகிர்வார்கள்.

உப்புவெளி_லென்ஸ்
நன்றி அண்ணா, நன்றி அக்கா. விலையைப் போட்டால் அடுத்தவர் அதைவிட ஐயாயிரம் குறைத்துச் சொல்லிவிடுவாரே?

கன்னியா_வெளிச்சம்
நான் முழு விலையையும் போடச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மாதிரி.

கோட்டைவாசல்
முழுப் பட்டியல் வேண்டாம், தொடக்க விலை கட்டாயம் வேண்டும். அது இல்லாத இடத்தில் ஆட்கள் தாங்களே பெரிய தொகையாக நினைத்துக்கொண்டு கேட்காமலே போவார்கள். அந்த விலைக்குள் என்ன அடக்கம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: எத்தனை மணித்தியாலம், எத்தனை கமராக்காரர், திருத்திய படம் எத்தனை, அல்பம் எத்தனை பக்கம், எத்தனை கிழமையில் கைக்கு வரும், திருகோணமலைக்கு வெளியே போக்குவரத்துச் செலவு யாருடையது. அடுத்தவர் குறைத்துச் சொன்னாலும், இரண்டாவது கமராக்காரர் இல்லை என்பது அப்போதுதான் வெளியில் தெரியும். இதைப் படமாகச் செய்து ஒட்டாதீர்கள். போனில் எழுத்து தெரியாது, கூகுளும் எழுத்தைப் போல நம்பிக்கையாக வாசிக்காது.

துறைமுக_வீதி
ஒருவரும் சொல்லாத ஒன்று: எழுத்து பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலா இருக்கிறது? பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே ஒட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தமிழில் தேடுபவருக்கும் அகப்படாது. இன்றைய போன்கள் வாசிக்கும் யுனிகோடுக்கு மாற்றுங்கள்.

தொடர்புப் படிவத்தில் நாலு கட்டம் போதும்: திகதி, என்ன விழா, எந்த ஊர், நாட்டுக் குறியீட்டோடு வட்ஸ்அப் எண். உங்கள் வட்ஸ்அப் லிங்கில் எண் 94 என்று தொடங்க வேண்டும், கூட்டல் குறியோ 07இன் சைபரோ வரக்கூடாது. "எங்கள் விழாத் திகதி" என்று தொடங்கும் செய்தியை முன்கூட்டியே அதில் நிரப்பி வையுங்கள். ரொறன்ரோவில் மாலை ஏழு மணி என்றால் கோடையில் இங்கே அடுத்த நாள் விடிய நாலரை. அவர்கள் ஆறுதலாக இருந்து பார்ப்பது நீங்கள் தூங்கும் நேரம். வட்ஸ்அப் பிஸ்னஸில் தானியங்கிப் பதில் வைத்து, காலை எத்தனை மணிக்குப் பதில் வரும் என்பதை இலங்கை நேரத்தில் எழுதிவிடுங்கள்.

எல்லாம் மாற்றியபின் வீட்டு வைபையில் பார்க்க வேண்டாம். வைபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில், பேஸ்புக் லிங்கை அமுக்கியே உள்ளே போய்ப் பாருங்கள்.