அம்மம்மாவின் பிரெஞ்சுக் கேத்தலுக்குத் திரும்ப முலாம் பூசலாமா?

கல்லடிப் பிள்ளை:
அம்மம்மாவின் அலுமாரியில் ஒரு பழைய கேத்தல் இருக்கிறது. தாங்கியில் தொங்குகிறது, அடியில் சின்ன ஸ்பிரிட் விளக்கு. கூடவே ஒரு பெட்டி கரண்டியும் முள்ளுக்கரண்டியும். எல்லாவற்றிலும் கிறிஸ்டோஃப்ள் என்று பெயர்; கரண்டிகளில் 84 என்றும் இருக்கிறது. நகைக்கடையில் 84 வீதம் வெள்ளி என்று சொல்லி நிறைக்குக் கேட்கிறார்கள். கேத்தலின் மூக்கடியில் மஞ்சளாகத் தெரிகிறது, அதற்கு முலாம் பூசித் தருவார்களாம். அம்மா விற்கச் சொல்கிறா. எனக்கு மனமே இல்லை.

காத்தான்குடி நாநா:
அலுமினியத் தாளை விரித்து, அப்பச்சோடா போட்டு, கொதிதண்ணி ஊற்றி அதில் வையுங்க. கறுப்பு போயிரும். முலாம் தேவையே வராது.

களுவாஞ்சிக்குடி அண்ணன்:
தங்கச்சி, நிறைக்குக் கொடுத்துவிடாதீங்க. பாரிஸில் ஒரு ஹோட்டலில் வெள்ளிச் சாமான் துலக்குவதுதான் எனக்கு வேலை. அந்தப் பெயரைத் தினமும் கையில் பிடித்தவன் நான். 84 என்பது வீதம் இல்லை. 12 கரண்டி, 12 முள்ளுக்கரண்டி, இந்த 24க்கும் சேர்த்துப் பூசிய வெள்ளி 84 கிராம். ஒன்றுக்கு மூன்றரை கிராம்தான் வரும். உருக்கினால் ஒன்றும் மிஞ்சாது, சாமானாக வைத்திருந்தால்தான் பெறுமதி.

லென்ஸ் வைத்து முத்திரையைப் பாருங்க. பிரான்சில் செய்தவரின் முத்திரை சதுரக் கட்டத்துக்குள் இருந்தால் முலாம், சாய்சதுரத்துக்குள் இருந்தால் முழு வெள்ளி. முழு வெள்ளியில் ரோமர்களின் மினெர்வா தேவியின் தலை முத்திரையும் இருக்கும். அது 1838இல் வந்தது. கிறிஸ்டோஃப்ள் 1842இல் மின்முலாம், அதாவது மின்சாரத்தால் வெள்ளி பூசும் முறையின் உரிமையை வாங்கிய பிரெஞ்சு நிறுவனம். பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தன் அரண்மனை விருந்துக்கே அவர்களின் முலாம் சாமானைத்தான் வாங்கினார். முலாம் என்று குறைவாக நினைக்க வேண்டாம்.

மூக்கடியில் தெரியும் மஞ்சள், வெள்ளி தேய்ந்து வெளியே வந்த அடி உலோகம், பெரும்பாலும் பித்தளையாக இருக்கும். திரும்பப் பூச வேண்டாம். பூசுவதற்கு முன் சக்கரத்தில் தேய்ப்பார்கள், கைப்பிடி அடியில் வெட்டிய பூவேலை மழுங்கிவிடும். அது திரும்பி வராது.

நாநா சொன்ன முறை கரண்டிக்குச் சரி. கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி தங்கிவிடும். ஆனால் கேத்தலை அதில் முக்காதீங்க. பூவேலையின் பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் வேலைப்பாடு எழும்பித் தெரியும். கைப்பிடியில் மரமோ எலும்போ இருந்தால் கொதிதண்ணியில் வெடிக்கும். மெல்லிய பருத்தித் துணியும் வெள்ளிக்கென்றே விற்கும் கிறீமும் போதும். புளியும் சாம்பலும் பித்தளைக்கு, இதற்கு வேண்டாம்.

கல்லடியில் உப்புக்காற்று அல்லவா? துணியில் சுற்றி வையுங்க. ரப்பர் பட்டி போட்டால் போட்ட இடமே கறுக்கும். அப்புறம், காஸ் அடுப்பில் மட்டும் ஏற்றிவிடாதீங்க, மூக்கைப் பிடித்திருக்கும் ஈயப்பற்று இளகி மூக்கே கழன்றுவிடும்.

கல்லடிப் பிள்ளை:
பார்த்தேன் அண்ணா, சதுரம்தான். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். விற்கவில்லை. தாங்கியில் இரண்டு ஆணி இருக்கிறதே, ஒன்று மட்டும் கழருகிறது. உடைந்திருக்கிறதா?

களுவாஞ்சிக்குடி அண்ணன்:
இல்லை, அது அப்படித்தான். ஒன்றைக் கழற்றினால் கேத்தலைத் தூக்காமலே சரித்து ஊற்றலாம். ஆணிக்குச் சங்கிலி இல்லாவிட்டால் நூல் கட்டி வையுங்க, தொலைந்தால் வேறு கிடைக்காது.