எம்சிபி இருந்தால் ஆர்சிசிபி வேண்டாமா?

கேள்வி: பழைய வீட்டுக்கு வயரிங் மாற்றுகிறோம். கோளாறு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்துகிற சுவிட்சுகளில் எம்சிபி போதும், ஆர்சிசிபி வீண் செலவு என்கிறார் எலக்ட்ரீஷியன். இரண்டும் ஒன்றா? எர்த் எதற்கு?

பதில் 1: ஒன்றில்லைங்க. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ எம்சிபி விழும், அது வயரைக் காப்பாற்ற. ஆர்சிசிபி, பேஸ் வயரில் போகிற கரண்டும் நியூட்ரல் வயரில் திரும்புகிறதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், ஆள் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணைத்துவிடும், அது ஆளைக் காப்பாற்ற. கட்டாயம் போடுங்கள்.

பதில் 2: கிரைண்டர் பாடியில் கரண்ட் இறங்கினால் மண்ணுக்குப் போகிற வழிதான் எர்த். எங்கள் கிரைண்டரைத் தொட்டாலே சுரீர் என்றது, பிளக் பாயின்ட்டைக் கழற்றினால் எர்த்துக்கான பச்சை வயர் எதிலும் மாட்டாமல் சுருண்டு கிடக்கிறது!

கேட்டவர்: சரி, சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல்தானே?

பதில் 1: ஆமாம், ஆனால் பழைய வீட்டில் நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.