ஸ்கான் படத்தில் பதிந்துபோன பெயரை எப்படி நீக்குவது?

வணக்கம். வவுனியாவில் சிறுநீரக நோயாளர்களுக்கு எடுத்த அல்ட்ராசவுண்ட் படங்களை, பல மாவட்டங்கள் சேர்ந்த ஆய்வுப் பதிவேடு ஒன்றுக்கு அனுப்பவேண்டும். நோயாளர் சம்மதமும் நெறிமுறைக் குழு அனுமதியும் கையில் உண்டு. காரணம் பிடிபடாத இந்த நோய்க்கு ஓர் ஆஸ்பத்திரியின் படங்கள் போதாதுதானே. ஆனால் பெயர்தான் போகமாட்டேன் என்கிறது.

படங்கள் டைகொம் (DICOM) என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவம். அவற்றைக் கையாளும் ஓர்தாங் (Orthanc) மென்பொருளில் அடையாளம் நீக்கினேன். படத்தோடு கோப்பில் சேர்ந்துவரும் தலைப்புத் தகவலில் பெயர், பிறந்த திகதி எல்லாம் சுத்தம். படத்திலேயே வெள்ளை எழுத்தாகப் பதிந்த பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. மேல் பட்டையைக் கறுப்பாக்கினேன். பழைய மெஷினுக்குச் சரிவந்தது. புதியதில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கமாகக் காட்டும் இரட்டைத் திரை எடுத்தால் பெயர் இடம் மாறுகிறது. பட்டையைப் பெரிதாக்கினால் சென்ரிமீற்றர் அளவுகோல் மறைகிறது. அளவீட்டு விவரம் தலைப்பிலும் இல்லை, அப்புறம் சிறுநீரக நீளத்தை எப்படி அளப்பது? எழுத்தறியும் மென்பொருளோ நம் நீளப் பெயர்களைப் பாதியில் விட்டுவிடுகிறது.

ஒன்லைன் கருவிகளில் ஏற்ற அனுமதியில்லை. இருப்பது 8 ஜிபி லப்டொப், விண்டோஸ் 10. கெடு அடுத்த மாத இறுதி.

அளவுகோலைத் தொடாமல், இடம் மாறும் பெயரை மட்டும் மறைக்க, இணையமின்றி இயங்கும் எந்த மென்பொருளை நீங்கள் பாவித்திருக்கிறீர்கள்?