கம்பெனி விற்ற அன்று உங்கள் கைக்கு என்ன வந்தது? அனுபவம் சொல்லுங்கள்

பழைய கோடர்:
டேர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைத் தாள்), கேப் டேபிள் (யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பட்டியல்) எல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேரே வருகிறேன். கம்பெனிக்கு 6 வருஷம், முதலீடு வாங்கியது 3 ரவுண்டு. கடைசி ரவுண்டில் 2 மடங்கு லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்: விற்றால் அந்த முதலீட்டாளர் போட்டதில் 2 மடங்கை முதலில் எடுத்துக்கொள்வார். விலை படிந்துவிட்டது என்று எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்த மதியம், வக்கீல் திரையில் ஒரு எக்செல் விரித்தார். முதலீட்டாளர்களின் பிரிஃபர்டு பங்கு வரிகளில் நீள நீளமாக எண்கள். எனக்கும் டீமுக்கும் உள்ள காமன் பங்கு வரியில் ஒரு சின்னக் கோடு. நிரப்ப மறந்துவிட்டார் என்று நினைத்து, "சார், அந்தக் கட்டம் காலியா இருக்கே" என்றேன். பூஜ்யத்தை அது கோடாகத்தான் காட்டுமாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த ஷீட்டுக்குப் போய்விட்டார். டீமில் 11 பேருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டல் கழித்தல்:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இது ஏமாற்று இல்லை. போட்ட பணம் முதலில் வெளியேறும், மிச்சம்தான் காமனுக்கு. எனக்கு நடந்தது சின்ன விஷயம்: வேலையை விட்டேன், ஆப்ஷனை (முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) பங்காக மாற்ற 90 நாள் கெடு, 93-ஆம் நாள் ஞாபகம் வந்தது. போச்சு.
புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ரவுண்டு முடிக்கும் முன் மூன்று விற்பனை விலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் காமனுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை மடங்கு என்பதோடு நிற்காதீர்கள். பார்ட்டிசிபேட்டிங்கா (தன் பணத்தை எடுத்த பிறகு மிச்சத்திலும் பங்கு எடுப்பது) இல்லையா, பணம் எடுப்பதில் யார் முதல் என்பதையும் கேளுங்கள். சேஃப் (இப்போது பணம், பங்கு பின்னால் வரும் ரவுண்டில் என்ற ஒப்பந்தம்) மூலம் பணம் வாங்கினால் இன்னும் கவனம். ஸ்டார்ட்அப்களுக்கு ஆரம்பப் பணம் போடும் ஒய் காம்பினேட்டர் 2013-இல் கொண்டுவந்தது ஒரு மாதிரி, 2018-இல் வந்த போஸ்ட்-மனி (சேஃப் பணம் எல்லாவற்றையும் சேர்த்த மதிப்பில் சதவீதம் போடுவது) வேறு மாதிரி. போஸ்ட்-மனியில் மூன்று பேருக்குத் தலா 7 சதவீதம் என்றால் அந்த 21-ம் நிறுவனர்கள், ஊழியர்கள் பங்கிலிருந்துதான் போகும். ஒரு சேஃப்காரர் இன்னொரு சேஃப்காரரின் சதவீதத்தைக் குறைக்க மாட்டார். வெஸ்டிங் (பங்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாவது) 4 வருஷம், கிளிஃப் (அதற்குள் விலகினால் ஒன்றும் கிடையாது) 1 வருஷம் என்பதை நிறுவனர்களும் தங்களுக்கே போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் ஓடிப்போகிற பார்ட்னர்...

இரவல் வாசல்:
கூட்டல், அவர் அறிவுரையா கேட்டார்?
எங்களுக்குப் பணம் இருந்தது, வாடிக்கையாளர் வரும் வழிதான் அடைபட்டது. பத்தில் எட்டு பேர் ஒரே தளத்தின் ஃபீடிலிருந்து வந்தார்கள். சுவரில், எத்தனை பேர் வருகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும் டாஷ்போர்டு டிவி. ஒரு காலை அந்தக் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஹேங் ஆகிவிட்டது என்று டிவியை இரண்டு தட்டு தட்டினான். நானும் வயரைப் பிடுங்கிச் செருகினேன்! ராத்திரி அந்தத் தளத்துக்காரர்கள் ஃபீட் விதியை மாற்றியிருந்தார்கள்.
உடனே யாராவது ஹாட்மெயில் கதையை எடுக்க வேண்டாம். 1996-இல் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தங்கள் இலவச மெயிலுக்கு அழைக்கும் ஒரு வரி போட்டே பரவினார்கள், சரி. அந்த மெயில் அவர்களுடையது. எங்கள் வாசல் அடுத்தவனுடையது.

கூட்டல் கழித்தல்:
கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான்.

பழைய கோடர்:
படித்தேன் தம்பி. அந்த 2 மடங்கு வரிக்குப் பேனாவால் அடிக்கோடுகூடப் போட்டேன். சம்பளத் தேதிக்கு நாலு நாள் இருந்தது.