கேஸ் ஃபயர்பிளேஸ் மேன்டில்ல கிறிஸ்மஸ் மாலை நிக்கவே மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

தூத்துக்குடிப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கனடால பிராம்ப்டன்ல ஒரு வாடகை டவுன்ஹவுஸ்ல இருக்கோம், இந்த வீட்டுக்கு வந்து வர்ற முதல் கிறிஸ்மஸ், ஹால்ல கேஸ் ஃபயர்பிளேஸ் இருக்கு, அதுக்கு மேல வெள்ளை பெயின்ட் அடிச்ச மர மேன்டில், அதாவது தட்டு மாதிரி பலகை, 5 அடி நீளம், சுவத்துலருந்து ஒரு 7 இன்ச் வெளிய நீட்டிட்டு இருக்கும், அதுக்கும் மேல டிவி. ஊர்ல ஸ்டார் கட்டுவோம், குடில் வைப்போம், அதுதான் எனக்குத் தெரிஞ்ச அலங்காரம். மேன்டில் அலங்காரம் புதுசு, ஆனா பசங்களுக்காக நல்லா பண்ணணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

பிரச்சனை என்னன்னா, ஒட்டுற ஹூக் வாங்கி மேன்டிலோட முன்பக்கம் ஒட்டி நிஜமான சீடர் மரக்கிளை மாலையைத் தொங்கவிட்டேன், பகல் முழுக்க அப்படியே நிக்குது, ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து பாத்தா ஒரு பக்கம் பிடுங்கிட்டுத் தொங்குது. வேற ஹூக் மாத்தியும் அதே கதை. மாலை வாங்கி ஒரு வாரம் கூட ஆகல, நுனியெல்லாம் பழுப்பாகி தொட்டாலே கொட்டுது. அழகுக்கு வச்ச மெழுகுவர்த்தி (ஏத்தவே இல்ல) ஒரு பக்கமா வளைஞ்சு நிக்குது. டிவி ரிமோட்டும் சரியா வேலை செய்யல, மாலை வச்சதுக்கப்புறம்தான் இப்படி.

இன்னும் பரிசு போடுற ஸ்டாக்கிங் (பெரிய காலுறை) நாலு மாட்டணும். கடையில இரும்பு ஹோல்டர் பாத்தேன், நல்ல கனம், மூணு வயசுப் பையன் ஸ்டாக்கிங்கைப் பிடிச்சு இழுத்தா ஹோல்டரோட தலையில விழுமேன்னு பயமா இருக்கு. அத்தை வேற ஊர்லருந்து குடில் செட் கொண்டு வர்றாங்க, அதையும் மேன்டில் மேலயே வைக்கலாமா? சுவத்துலயோ மேன்டில்லயோ ஓட்டை போட வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்.

மிசிசாகா அண்ணன்:
ஒரே ஒரு கேள்வி தங்கச்சி. ஹூக் விழுறது ஃபயர்பிளேஸ் போட்ட பிறகா, போடாத அன்னைக்குமா?

தூத்துக்குடிப் பொண்ணு:
சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தினமும் போடுவோம் அண்ணா. போடாத நாள்னு எதுவும் இல்ல, அதனால சொல்லத் தெரியல.

மிசிசாகா அண்ணன்:
அப்ப எல்லாத்துக்கும் காரணம் சூடுதான். உங்க மெழுகுவர்த்தியே அதைச் சொல்லுது பாருங்க, சாதாரண மெழுகு உருகணும்னா 50, 60 டிகிரி வேணும், ஆனா 40 பக்கம் வந்தாலே இளகி வளைய ஆரம்பிச்சிரும். ஒட்டுற ஹூக்கோட பசையும் அப்படித்தான், பாக்கெட் பின்னாடி படிச்சீங்கன்னா பெரும்பாலும் 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் போட்டிருப்பான். கேஸ் ஃபயர்பிளேஸ்ல கண்ணாடிக்கு மேல இருந்து சூடான காத்து நேரா மேல ஏறி மேன்டிலோட முன் ஓரத்துலதான் முட்டும், நீங்க ஹூக் ஒட்டின இடமும் அதேதான். எத்தனை ஹூக் மாத்தினாலும் அங்க நிக்காது.

முதல்ல மேன்டில்ல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துருங்க. காஞ்ச சீடர் நெருப்புக்கு மேல இருக்கிறது ரொம்ப ஆபத்து, அதை இன்னைக்கே எடுங்க. அப்புறம் சமையலுக்கு வச்சிருக்கிற தெர்மாமீட்டரோ, இல்ல அந்த துப்பாக்கி மாதிரி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரோ இருந்தா ஒரு மணி நேரம் ஃபயர்பிளேஸ் ஓடவிட்டு மேன்டில்ல அங்கங்க அளந்து பாத்து சொல்லுங்க. டிவியோட கீழ் ஓரத்தையும் அளங்க, நிறைய டிவி மேனுவல்ல சுத்தி இருக்கிற காத்து 40 டிகிரிக்குள்ள இருக்கணும்னுதான் இருக்கும்.

தோட்டக்காரி:
மாலை காயுறதுக்கு ஃபயர்பிளேஸ் மட்டும் காரணம் இல்லமா, இங்க குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குற ஃபர்னஸ் ஓடி ஓடி வீட்டுக்குள்ள காத்தே வறண்டு போயிருக்கும். வெட்டின கிளைக்கு தண்ணி கிடைக்க வழியே இல்ல, மரத்தை ஸ்டாண்டுல தண்ணி ஊத்தி வைக்கிற மாதிரி மாலையை வைக்க முடியாதே. நிஜப் பச்சைதான் வேணும்னா கிறிஸ்மஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி வாங்குங்க, இல்ல முன்னாடியே வாங்கிட்டீங்கன்னா கராஜ்ல குளிர்ல வச்சிருங்க. வீட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்கு முந்தின ராத்திரி குளிக்கிற டப்புல தண்ணி விட்டு முழுசா ஊறப் போட்டு, காலையில நல்லா வடிய விடுங்க. தினமும் ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி அடிக்கலாம், ஆனா லைட் சுத்தியிருந்தா பிளக்கைப் பிடுங்கிட்டு அடிங்க. ஃப்ரேசர் ஃபர், பால்சம் ஃபர் ரெண்டும் ஊசி இலை கொட்டாம நாள் தாங்கும், ஸ்ப்ரூஸ் வீட்டுக்குள்ள சீக்கிரம் கொட்டிரும். ஹோலி, மிசில்டோன்னு விக்கிற பழக்கிளை ரெண்டையும் வாங்காதீங்க, அந்தப் பழம் சின்னப் பிள்ளைங்க வாயில போட்டா உடம்புக்கு ஆகாது, மாலையிலருந்து உதிர்ந்து தரையில கிடக்கும், நமக்குத் தெரியாது.

தூத்துக்குடிப் பொண்ணு:
எல்லாத்தையும் எடுத்துட்டு அளந்தோம் அண்ணா. முன் ஓரம் நடுவுல 70 டிகிரி!! சுவத்தை ஒட்டி 45, ரெண்டு கோடியிலயும் 38. டிவி கீழ் ஓரம் 41. கையை வச்சா சூடு தெரியும்தான், ஆனா இவ்வளவு இருக்கும்னு நினைக்கவே இல்ல. இது சரியான அளவா, இல்ல ஃபயர்பிளேஸ்ல ஏதாவது கோளாறா?

மிசிசாகா அண்ணன்:
மர மேன்டில்ல 70 வர்றது கேஸ் ஃபயர்பிளேஸ்ல நடக்கிறதுதான், ஆனா உங்க மாடலுக்கு அது சரியான்னு மேனுவலைப் பாத்தாதான் தெரியும். கண்ணாடிக்குக் கீழ ஒரு தகடு இருக்கும், அதைத் திறந்தா உள்ள மாடல் நம்பர் போட்ட பிளேட் இருக்கும், நெருப்பு அணைஞ்சு நல்லா ஆறினப்புறம் திறங்க. அந்த நம்பரைப் போட்டுத் தேடினா மேனுவல் கிடைக்கும், அதுல மேன்டில் எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருந்தா எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு ஒரு படம் இருக்கும். மேன்டில் எவ்வளவு நீட்டுதோ அவ்வளவுக்கு உயரமும் கூடணும். உங்க அளவு அதுக்குள்ள வரலைன்னா வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, ஒன்டாரியோல கேஸ் வேலை எல்லாம் டிஎஸ்எஸ்ஏ (இங்க பாதுகாப்பைக் கவனிக்கிற அமைப்பு) பதிவு இருக்கிற ஆள்தான் தொடணும், நீங்களா எதையும் கழட்டாதீங்க. படுக்கிற ரூம் பக்கத்துல கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னும் அப்படியே பாத்துருங்க.

ஆனா அந்தப் படம் மேன்டிலுக்குத்தான், மாலைக்கு இல்ல. இங்க தீயணைப்புத் துறை சொல்றது, எரியக்கூடிய எதுவா இருந்தாலும் நெருப்புலருந்து 1 மீட்டர் தள்ளி இருக்கணும். மேன்டில் மேல எங்க வச்சாலும் அந்த 1 மீட்டருக்குள்ளதான் வரும். அதனால நான் நேராவே சொல்லிடுறேன், மாலை மேல இருந்தா நெருப்பு வேண்டாம், நெருப்பு வேணும்னா மாலையை எடுக்கணும். பிளாஸ்டிக் மாலையும் அப்படித்தான், டப்பால தீப்பிடிக்காதுன்னு போட்டிருந்தாலும் சூட்டுல இளகாதுன்னு அர்த்தம் இல்ல.

மரவேலைப் பிரியன்:
அண்ணன் சொல்றதை அப்படியே வச்சுக்கிட்டு ரெண்டையும் அனுபவிக்க ஒரு வழி இருக்கு சிஸ்டர், ஓட்டையும் வேண்டாம் ஹூக்கும் வேண்டாம். மரக்கடையில 1x6 பைன் பலகை கேளுங்க, பேர்தான் 1x6, நிஜ அளவு முக்கால் இன்ச் கனம், அஞ்சரை இன்ச் அகலம், உங்க 7 இன்ச் மேன்டில்ல சரியா உக்காரும். பெரிய கடைகள்ல அவங்களே நீளத்துக்கு வெட்டித் தருவாங்க, 5 அடிக்கு ரெண்டு இன்ச் குறைவா வெட்டச் சொல்லுங்க. வெள்ளை பெயின்ட் அடிச்சு, அடியில ஃபெல்ட் துணித் துண்டு ஒட்டுங்க, ரப்பர் மேட் போடாதீங்க, சூட்டுல அது மேன்டில் பெயின்ட்ல ஒட்டிக்கும். பலகையோட பின் ஓரத்துல சின்ன வளையம் வச்ச ஸ்க்ரூ வரிசையா திருகி, மாலையை பச்சைக் கம்பியால அதுல கட்டிருங்க. வைக்கிற பொருளையும் பலகையோட கட்டிருங்க.

இப்ப மொத்த அலங்காரமும் ஒரே பலகையில இருக்கு. ராத்திரி நெருப்பு போடணும்னா ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கி சாப்பாட்டு மேசை நடுவுல வச்சிருங்க, அங்கயும் அழகாத்தான் இருக்கும். நெருப்பு அணைஞ்சு மேன்டில் ஆறினதும் திரும்ப ஏத்திக்கலாம்.

மாலை 9 அடிதான் கடையில அதிகமா கிடைக்கும், 5 அடி மேன்டில்னா ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடி தொங்கட்டும்னுதான் அந்தக் கணக்கு. உங்க வீட்ல தொங்கவே வேண்டாம், பையன் கைக்கு எட்டும், இழுத்தா பலகையும் சேர்ந்து கீழ வந்துரும். கோடிகள்ல மடிச்சு ரெட்டையா கட்டுங்க, அங்க நல்லா அடர்த்தியா தெரியும், நடுவுல ஒத்தை. டிவியோட ரிமோட் சென்சார் பெரும்பாலும் கீழ் ஓரத்துலதான் இருக்கு, நடுவுல தாழ்வா வச்சாலே உங்க ரிமோட் பிரச்சனையும் போயிரும்.

ஸ்கார்பரோ அக்கா:
தங்கச்சி, ஸ்டொக்கிங்ஸ் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதால நான் சொல்லுறன். எங்கட வீட்டிலயும் கேஸ்தான். ஸ்டொக்கிங்ஸை மேன்டிலில தொங்கவிட்டால் அது கண்ணாடிக்கு முன்னாலதான் வந்து நிக்கும், அந்தக் கண்ணாடி 200 டிகிரிக்கு மேலயும் போகும், சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில நான் அதை ஒருநாளும் செய்யமாட்டன். நாங்கள் படிக்கட்டின்ர கைபிடியில சிவப்பு ரிபனால ஒவ்வொண்டாக் கட்டிவிடுறனாங்கள், மேல இருந்து கீழ வரைக்கும், நல்ல வடிவா இருக்கும், பிள்ளையள் இழுத்தாலும் தலையில விழ ஒண்டும் இல்லை. கண்ணாடிக்கு முன்னால கம்பி வலை இருக்கோ எண்டும் பாருங்கோ, 2015க்குப் பிறகு செய்த ஃபயர்பிளேஸுக்கு அது கூடவே வரும், பழசெண்டால் இராது, கேட்டு வாங்கிப் போடுங்கோ.

இன்னொண்டு, நெருப்பைப் போடுற சுவிட்ச் லைட் சுவிட்ச் மாதிரியே சுவரில இருக்கும், வாற விருந்தினர் லைட் எண்டு நினைச்சுப் போட்டு விடுவினம். மாலை மேல இருக்கிற நாளில அதில டேப் ஒட்டி விடுங்கோ. ரிமோட் இருந்தால் அதில தெர்மோஸ்டாட் மோட் இருக்கும், அது ஓனில இருந்தால் வீடு குளிர்ந்தவுடன தானாப் பத்தும், நத்தார் (கிறிஸ்மஸ்) முடியுமட்டும் அதை ஓஃப் பண்ணி வையுங்கோ.

பாலன் குடிலை மேன்டிலில வைக்காதேங்கோ. வைக்கோல், காகிதம் எல்லாம் பத்துற சாமான். ஃபயர்பிளேஸுக்கு எதிர்ப்பக்கச் சுவரோட ஒரு உயரம் குறைஞ்ச மேசை போட்டு வையுங்கோ, பிள்ளையள் கிட்டப் போய் முழங்காலில நிண்டு பாக்கலாம்.

தூத்துக்குடிப் பொண்ணு:
அக்கா அந்த தெர்மோஸ்டாட் விஷயம் சொன்னதுக்கு கோடி நன்றி, ரிமோட்டை எடுத்துப் பாத்தா நிஜமாவே அதுலதான் இருந்துச்சு, வெளிய போயிருக்கும்போதெல்லாம் தானா எரிஞ்சிருக்கும் போல. குடிலுக்கு எதிர்ப்பக்கம் இடம் பாத்தாச்சு. அத்தைகிட்ட சொன்னேன், அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம், ஊர்ல மாதிரி தட்டுல மண் போட்டு கேழ்வரகு தூவி முளைக்க விட்டு புல்லா வைக்கலாம், வைக்கோலே வேண்டாம்னு சொல்றாங்க.

பலகைக்கும் இன்னைக்கு அளவு எடுத்தோம். ரெண்டு கோடியில என்ன வைக்கலாம்? மெழுகுவர்த்தி கண்டிப்பா இல்ல.

தோட்டக்காரி:
பித்தளை, பீங்கான், கண்ணாடி, இது மூணும் போதும். சிலுவை வச்ச சின்ன குத்துவிளக்கு இருந்தா ஏத்தாம ஒரு கோடியில வைங்க, இன்னொரு கோடியில கண்ணாடி ஜாடி நிறைய சிவப்பும் பொன்னிறமுமா கிறிஸ்மஸ் மரத்துல மாட்டுற பந்து. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு பக்கம் உயரமா இன்னொரு பக்கம் குண்டா இருந்தா இன்னும் நல்லா இருக்கும். லைட்டுக்கு பேட்டரி எல்இடி வாங்குங்க, 6 மணி நேரம் எரிஞ்சு தானா அணையுற டைமர் வச்சது கிடைக்குது. அப்பதான் பலகையைத் தூக்கும்போது வயர் இழுக்காது. பேட்டரி டப்பாவை கோடியில, மாலைக்குப் பின்னாடி மறைச்சுக் கட்டுங்க, சூடு கம்மியான இடம் அதுதான்.

ஹாமில்டன் வாசி:
இதைப் படிக்கிற மத்தவங்களுக்காக ஒரு வரி, எங்க வீட்ல செங்கல் ஃபயர்பிளேஸ், ஒட்டுற ஹூக் செங்கல்ல நிக்கவே நிக்காது. செங்கலோட மேல் கீழ் ஓரத்தைக் கவ்விப் பிடிக்கிற இரும்பு கிளிப் கிடைக்குது, ஓட்டையே வேண்டாம், ஆனா செங்கலுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட் செங்கலை விட உள்வாங்கி இருந்தாதான் பிடிக்கும், செங்கல் உயரத்தையும் அளந்துட்டு வாங்குங்க. விறகு எரிக்கிறவங்க கிஃப்ட் சுத்தின பேப்பரையும் மரக்கிளையையும் உள்ள போட்டு எரிக்காதீங்க, குப்புன்னு பத்தி புகைபோக்கி வரைக்கும் போகும்.

தூத்துக்குடிப் பொண்ணு:
பலகை ஏறிருச்சு! நானும் என் கணவரும் தூக்கி இறக்கிப் பாத்தோம், கனமே இல்ல. நடுவுல தாழ்வா இருக்கிறதால ரிமோட் நல்லா வேலை செய்யுது, கோடியில மாலை அடர்த்தியா பாக்கவே அவ்வளவு அழகா இருக்கு. ஸ்டாக்கிங் நாலும் படிக்கட்டுல. மேனுவலும் கிடைச்சது, மேன்டில் உயரம் அதுல போட்டிருக்கிற அளவுக்குள்ளதான் இருக்கு, நிம்மதி. புது சீடர் மாலை கராஜ்ல இருக்கு, 23 ராத்திரி ஊறப் போடுறேன், அதுவரைக்கும் பிளாஸ்டிக்.

கடைசியா ஒண்ணு, முதல்ல ஒட்டின ஹூக்கோட பசை மேன்டில்ல பட்டையா ஒட்டியிருக்கு. சுரண்டினா பெயின்ட் வந்துருமோ?

மரவேலைப் பிரியன்:
சுரண்டாதீங்க. ஃபயர்பிளேஸ் ஆறி இருக்கும்போது ஹேர் டிரையரை மிதமான சூட்டுல வச்சு அரை நிமிஷம் காட்டுங்க, பசை இளகும். பல் இடுக்குல விடுற ஃப்ளாஸ் நூலைப் பட்டைக்குப் பின்னாடி விட்டு ரம்பம் இழுக்கிற மாதிரி மெதுவா இழுத்துட்டு வாங்க, பெயின்ட்டைத் தொடாம கழண்டு வந்துரும். மிச்சம் இருக்கிறதை விரலால உருட்டி எடுத்துட்டு, சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சிருங்க. ஜனவரி 6, மூணு ராஜா திருநாள் முடிஞ்சு பலகையை இறக்கும்போது அடியில ஃபெல்ட் ஏதாவது தடம் விட்டிருக்கான்னு மட்டும் ஒரு தடவை பாத்துக்கோங்க.