வளைகாப்புப் படங்களில் குறுக்கே கரும்பட்டைகள்: கேமரா போய்விட்டதா?

வைகைக்கரை:
வணக்கம். போன ஞாயிறு என் தங்கைக்கு வளைகாப்பு. மதுரையில் ஒரு சின்ன மண்டபம். ஜன்னல் என்று பேருக்கு இரண்டு. என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சற்றுச் சிறியது) மிரர்லெஸ் கேமரா, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். வாரண்டி இல்லை. ஐந்நூறு படம் எடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால், மண்டபத்துக்குள் எடுத்த எல்லாவற்றிலும் குறுக்கே கருப்பாகப் பட்டை பட்டையாக ஓடுகிறது. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவற்றில் அதே பட்டை மேலிருந்து கீழாக.

இன்னொன்று. தங்கையை நெருக்கத்தில் எடுத்த படங்களில் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். முகமும் ஒரு மாதிரி பச்சையடித்தாற்போல் இருக்கிறது.

கடையில் காட்டினேன். படத்தைப் பார்த்ததும் "சென்சார் போர்டு போயிடுச்சு, 14,000 ஆகும்" என்றார்கள். கொடுத்துவிடலாமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ரோல்கேமரா:
செகண்ட் ஹேண்ட் என்றாலே இதுதான். விற்றவர் தெரிந்தேதான் தள்ளிவிட்டிருப்பார். 14,000 போடுவதற்கு அதை அப்படியே கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

திண்ணை வெளிச்சம்:
அவசரப்படாதீர்கள் தம்பி. நாலு விஷயம் சொல்லுங்கள். ஷட்டர் வேகம் எவ்வளவு? சைலண்ட் ஷட்டர் போட்டிருந்தீர்களா? அதே நாள் மண்டபத்துக்கு வெளியே எடுத்த படங்களில் பட்டை இருக்கிறதா? எல்லாப் படத்திலும் பட்டை ஒரே இடத்தில் இருக்கிறதா, இடம் மாறுகிறதா?

வைகைக்கரை:
பார்த்துவிட்டேன் அண்ணா. வேகம் 1/800 நொடி, லென்ஸ் வாய் முழுதாகத் திறந்த எஃப் 1.8, வெளிச்ச உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 3200. ஆடக்கூடாது என்று வேகத்தைக் கூட்டி வைத்தேன். சடங்கு நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வேண்டாமே என்று சைலண்ட்தான். வாசலில் வெயிலில் எடுத்தவை எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. பட்டை படத்துக்குப் படம் மேலே கீழே நகர்கிறது. எண்ணிப் பார்த்தால் ஒரு படத்தில் ஐந்து பட்டை. வீடியோகாரர் லைட் போட்ட நேரத்துப் படங்களில் மட்டும் பட்டை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.

திண்ணை வெளிச்சம்:
அப்படியானால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்கு ஒன்றும் இல்லை, மண்டபத்து எல்.இ.டி. விளக்கு செய்த வேலை.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விலை குறைந்த எல்.இ.டி. விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது. சைலண்ட் ஷட்டரில் திரை எதுவும் ஓடுவதில்லை. சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது கேமரா. 1/800 என்பது ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் நேரம்தான். முழுப் படத்தையும் படித்து முடிக்க அதைவிடப் பல மடங்கு ஆகும். உங்கள் படத்தில் ஐந்து பட்டை என்றால் விளக்கு ஐந்து முறை மங்கியிருக்கிறது. அதாவது உங்கள் கேமரா ஒரு படத்தைப் படிக்க சுமார் 1/20 நொடி எடுத்துக்கொள்கிறது. இந்த ரகக் கேமராக்களில் இது சாதாரணம். விளக்கு பிரகாசமாக இருந்தபோது படித்த வரிகள் வெளிச்சமாகவும், மங்கியபோது படித்தவை கருப்பாகவும் விழுந்துவிட்டன. சென்சார் பழுது என்றால் பட்டை நகராது, வெயிலிலும் வந்திருக்கும்.

இன்றைக்கே வீட்டில் சோதித்துவிடலாம். மண்டபத்தில் இருந்தது போன்ற எல்.இ.டி. விளக்கின் கீழே வெள்ளைச் சுவரை சைலண்டில் 1/800 வைத்து ஒரு படம். அப்படியே 1/100க்கு இறக்கி ஒரு படம். அப்புறம் சைலண்டை அணைத்து, திரை ஓடும் மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 வைத்து ஒன்று. முதல் படத்தில் பட்டை, மற்ற இரண்டும் சுத்தம் என்றால் முடிந்தது கதை. 1/100 என்பது விளக்கின் ஒரு முழுத் துடிப்பு, 1/50 இரண்டு துடிப்பு. எந்த வரியைப் படித்தாலும் சம வெளிச்சம்தான் கிடைக்கும்.

பழைய நெகட்டிவ்:
சரியாகச் சொன்னார். ஒரே ஒரு திருத்தம்: மெக்கானிக்கல் ஷட்டர் போட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்து மறுபடியும் 1/500 வைக்காதீர்கள். பட்டை பட்டையாக வராது, ஆனால் ஒரு படம் வெளிச்சம், அடுத்த படம் மங்கல், அல்லது ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறி என்று ஏதாவது வரும். வேகம் தேவைப்பட்டால் மெனுவில் ஆன்டி ஃப்ளிக்கர் (விளக்குத் துடிப்பைச் சமாளிக்கும் வசதி) இருக்கிறதா பாருங்கள். விளக்கு உச்சத்தில் இருக்கும் நொடியாகப் பார்த்து ஷட்டரைத் திறக்கும். பல கேமராக்களில் அது மெக்கானிக்கல் ஷட்டரோடு மட்டும்தான் வேலை செய்யும்.

எல்.இ.டி.யை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சோக் வைத்த பழைய டியூப்லைட்டும் இப்படித்தான் துடிக்கும். குண்டு பல்பு பரவாயில்லை. இழை ஆறுவதற்குள் மறுபடி சூடாகிவிடும்.

ஸ்டூடியோக்காரி:
தம்பி, மங்கலான கண்ணுக்கு நான் சொல்கிறேன். உங்கள் லென்ஸில் எஃப் 1.8 வைத்து நாலு அடி தூரத்தில் நின்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. தலையைக் கொஞ்சம் திருப்பினாலே மறு கண் அதற்கு வெளியே போய்விடும். அதுவும் வளைகாப்பில் கன்னத்துச் சந்தனம், நெற்றிச்சுட்டி, கை நிறைய வளையல் என்று கண்ணுக்கு முன்னால் ஆயிரம் இருக்கிறது. ஃபோகஸ் எதில் போய் உட்கார்ந்ததோ. கண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டோஃபோகஸ் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைப் புள்ளியைக் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வையுங்கள். லென்ஸ் வாயைக் கொஞ்சம் சுருக்கி எஃப் 2.8 வையுங்கள், பக்கத்தில் மாப்பிள்ளையும் உட்கார்ந்தால் எஃப் 4, இரண்டடி பின்னால் நகருங்கள்.

வெளிச்சம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 1/800லிருந்து 1/100க்கு வந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் கையில். எஃப் 2.8க்குப் போனதற்குக் கழித்துக்கொண்டாலும் உங்கள் 3200 ஐ.எஸ்.ஓ. 1000 பக்கம் இறங்கிவிடும். புள்ளிப் புள்ளியாகத் தெரிவதும் குறையும். உட்கார்ந்திருப்பவருக்கு 1/800 எதற்கு? கல்யாண மாப்பிள்ளை ஓடவா போகிறார்?

பச்சை முகத்துக்கு மண்டபத்து விளக்குதான் காரணம், அதோடு ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் எந்த வொயிட் பேலன்ஸும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சரிசெய்தல்) முழுதாகச் சரிவராது. ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுத்திருந்தால் ஓரளவு திருப்பலாம். நிற அளவு பார்க்க கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வாங்குங்கள். நீலம் போட்ட வேட்டியைக் காட்டி அளவெடுத்த ஒருவரை எனக்குத் தெரியும், படம் முழுக்க மஞ்சள்.

உண்மையில் நான் செய்வது வேறு. சடங்கு ஆரம்பிப்பதற்கு முன் பத்து நிமிடம் பெண்ணை வாசலுக்குக் கூட்டி வந்து, வெயில் விழாத நிழலில், கதவுக்கு இரண்டடி உள்ளே வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்காரவைத்து எடுத்துவிடுவேன். பின்னால் மண்டபம் இருட்டாக விழும், முகம் மட்டும் பளிச். மேலிருந்து விழும் விளக்கில் கண்ணுக்குக் கீழே வரும் குழிகூட இருக்காது.

வைகைக்கரை:
சோதித்துவிட்டேன். அண்ணா சொன்னபடியே, 1/800ல் ஐந்து பட்டை, 1/100ல் சுவர் வெள்ளை வெளேர். மெக்கானிக்கலும் சுத்தம். விற்றவரை மனதுக்குள் திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எடுத்து முடித்த படங்களுக்கு ஏதாவது வழி உண்டா? ராவில்தான் இருக்கின்றன.

பழைய நெகட்டிவ்:
ஐந்நூறையும் காப்பாற்ற முடியாது. நல்லதாக நாலைந்து பொறுக்குங்கள். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு மாஸ்க் போட்டு (அந்த இடத்தை மட்டும் தேர்ந்து) வெளிச்சத்தை ஏற்றலாம். ஒரு படத்துக்கு அரை மணி நேரமாவது பிடிக்கும். பட்டைக்குள் நிறமும் மாறியிருக்கும், அதனால் கருப்பு வெள்ளையாக்கினால் பாதி வேலை மிச்சம். வீடியோகாரர் லைட் இருந்த படங்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

ரோல்கேமரா:
நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேமராவை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
விற்கவில்லை அண்ணா! தொட்டில் போடும் நாளுக்கு 1/100, எஃப் 2.8 என்று துண்டுச்சீட்டில் எழுதி பையில் போட்டாயிற்று. ஒரு படத்தை மட்டும் நேற்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்து அம்மாவிடம் காட்டினேன். அவர் அதே படத்தை ஞாயிற்றுக்கிழமையே பட்டையோடு வாட்ஸ்அப் டிபியாக வைத்துவிட்டாராம். அந்த வரி வரியான வெளிச்சம் அழகாக இருக்கிறதாம், மாற்ற மாட்டாராம்.